மலைப்பாதையும் தொண்டர்களும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்ப்பாகத்தில் அப்பலேச்சியன் என்னும் மலைத்தொடர் உண்டு. அதன்மேல் ஜார்ஜியா முதல் மெயின் வரை, 14 ராஜ்யங்களின் வழியே, சுமார் 2,190 மைல் நீளமுள்ள நடைபாதை செல்கின்றது. 1921-ஆம் வருஷத்தில் பென்டன் மக்கே என்பவர் இதற்கு யோசனை கூறினார். 1937-இல் பாதை பூர்த்தியாயிற்று. மறு வருஷமே பெரும்புயல் வடபகுதியில் மரங்களைச் சாய்த்தது. பின்னர் யுத்தமும் வந்தது. பேணுவாரின்றிப் பல இடங்களில் வழி காடாயிற்று. 1951-இல்தான் மீண்டும் முழுவதும் திறந்தது. பாதையை வெட்டுவது ஒருமுறை. காப்பதோ என்றைக்கும் உள்ள ஊழியம்.

பாதைக்கு முதற்பகை மழை ஜலமே. சரிவில் ஓடும் நீர் மண்ணை அரித்து வழியை ஓடையாக்கும். நடப்போர் சேற்றுக்கு அஞ்சி ஓரமாக விலகுவர். அங்குள்ள செடிகள் மிதிபட்டு அழியும். பாதை அகன்று அரிப்பும் வளரும். ஆதலின் தொண்டர்கள் பாதையின் குறுக்கே சாய்வாகக் கல்லோ மரமோ பதித்து, நீரைப் பள்ளப்பக்கம் திருப்பிவிடுகின்றனர். அங்கே சேரும் சருகையும் மண்ணையும் அவ்வப்போது வாராவிடில் அவ்வளவும் வீணே.

ஷெனான்டோவா தேசியப் பூங்காவினுள் செல்லும் சுமார் 100 மைல் பாதையை, 1927-இல் தோன்றிய தொண்டர் சங்கமொன்று பேணி வருகின்றது. பாதையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பொறுப்பாளரிடம் ஒப்புவித்துள்ளனர். புதர் நீக்குவதும், வெள்ளைக் குறிகளைப் புதுப்பிப்பதும், விழுந்த மரங்களைக் கண்டறிந்து அகற்றச் செய்வதும் அவர் கடன். கூலி கிடையாது.

பொதுச்சொத்து எவர்க்கும் பொறுப்பில்லாததாய்ப் போவது எளிது. இன்ன துண்டு இன்னார் கையில் என்று வகுத்ததே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை.