மதுரையா, கண்டியா?

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் பேச வந்தவன் புதிரைப் பற்றிப் பேசுகிறானே என்று நீங்கள் எண்ணக்கூடும். புதிர் இலக்கியத்துக்குப் புறம்பானதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை என்பவற்றோடு பிசியையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். பிசி என்றால் விடுகதை. யாழ்ப்பாணத்தார் அதனை நொடி என்பார்கள். பெயர் எதுவாயினும், ஒருவர் மறைத்து வைக்க மற்றவர் கண்டுபிடிப்பதே அதன் இயல்பு. மறைத்து வைத்தது ஒன்று, கண்டுபிடித்தது வேறொன்று, இரண்டுமே பொருந்துகின்றன என்றால் என்ன செய்வது? இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்தக் கேள்வியைத்தான்.

நான் படிப்பிப்பது கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில், அக்குறணையைத் தாண்டி வரும் அலவத்துகொடையில். எங்கள் இந்துக் கல்லூரியின் ஆண்டு 9 மாணவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வானொலி ஒன்றில் வாரந்தோறும் ஒரு சொற்புதிர் சொல்வார்கள். விடையைத் தபாலட்டையில் எழுதி அனுப்பவேண்டும். சரியாக எழுதியவர்களுள் ஒருவருக்குப் புத்தகப் பொதி ஒன்று பரிசு. திங்கட்கிழமை முதற் பாடவேளையில் அந்த வாரப் புதிரைக் கரும்பலகையில் எழுதுவோம். பத்து நிமிடம் விவாதம். பிறகுதான் பாடம்.

ஒரு வாரம் வந்த புதிர் இது: மூன்று எழுத்துள்ள ஓர் ஊர், மன்னர் இருந்து ஆண்ட தலைநகர், நடுவெழுத்தை நீக்கினால் மிஞ்சுவதும் பொருளுள்ள சொல். அது எந்த ஊர்?

நேயர்களே, ஒரு கணம் நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

கெட்டிக்கார மாணவன் ஒருவன் உடனே எழுந்து, "மதுரை சேர். நடுவெழுத்தை எடுத்தால் மரை" என்றான். பாண்டியரின் தலைநகர் மதுரை. மரை எங்கள் நாட்டுக் காடுகளிலும் உள்ள மான் இனம். நல்ல விடை. சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கப் போனேன். அதற்குள் இன்னொருவன், "தஞ்சை என்றாலும் வரும் சேர், தசை" என்றான். சோழரின் தஞ்சை. அதையும் எழுதினேன். பிறகு கைகள் அடுக்கடுக்காக உயர்ந்தன. காஞ்சி என்றாள் ஒருத்தி. பல்லவரின் காஞ்சியில் நடுவெழுத்தை நீக்கினால் காசி வருகிறது. ஊருக்குள் இன்னோர் ஊர்! சேரரின் வஞ்சியை நான் எடுத்துக் கொடுத்தேன். வசி என்றால் கூர்மை. ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட கோட்டையைச் சரித்திரப் பாடத்தில் படித்த ஒருவன் சொன்னான்; நடுவெழுத்துப் போனால் கோடை. "நுவர" என்று ஒருவன் எழுதியிருந்தான். கண்டியைச் சிங்கள மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மிஞ்சும் "நுர" தமிழில் சொல்லாகாது என்று வகுப்பே அதனைத் தள்ளிவிட்டது.

கடைசி வாங்கில் ஒரு சிறுமி. தாயார் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவள் அதிகம் பேசமாட்டாள். "சேர், கண்டியும் ராசா இருந்த ஊருதானே?" என்றாள்.

"கண்டியில நடுவெழுத்த எடுத்தா கடி. நாய்க்கடியா?" என்று ஒருவன் கேட்க, வகுப்புச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் சொன்னேன்: தமிழில் பொருள் வளம் மிக்க சொற்களுள் கடியும் ஒன்று. தொல்காப்பிய உரியியல் அதற்குக் காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருளைச் சொல்லி, போதாதென்று மேலும் இரண்டைச் சேர்க்கிறது. கடிமரம் என்றால் காவல் மரம். மலைகளும் மகாவலியும் அரணாக நின்று, 1815 வரை அந்நியர் நிலைகொள்ள முடியாதிருந்த ஊரின் பெயருக்குள்ளே காவல் என்ற சொல் ஒளிந்திருக்கிறது. சிறுமியின் முகத்தில் அன்று கண்ட மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. அவள் கண்டி என்றே தபாலட்டை எழுதினாள். எழுத்துப்பிழை இல்லை என்று நானே பார்த்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் விடை அறிவித்தார்கள். மதுரை. மதுரை மட்டுமே. மற்றையவை பிழையான விடைகள் என்று ஒரு வரியில் முடிந்தது.

திங்கட்கிழமை அவள் கேட்டாள்: "கண்டி ஏன் சேர் பிழை?"

போட்டி என்றால் நடுவர் தீர்ப்பே இறுதியானது என்றேன். ஆசிரியர்கள் சொல்லும் வழக்கமான விடை. அதில் நியாயமே இல்லை என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். நிகழ்ச்சிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். மேசையிலே தபாலட்டைகள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, இது பொருந்துமா, அது பொருந்துமா என்று ஆராய்ந்தால் நிகழ்ச்சி நடத்த முடியாது. எல்லா விடையும் சரியென்றால் புதிர் என்ற ஒன்றே இல்லாமற் போகும். நுவரவை எங்கள் வகுப்பே தள்ளியது அல்லவா?

ஆனால் என் விடையில் எனக்கே திருப்தி ஏற்படவில்லை. அன்றிரவு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை எடுத்துப் புரட்டினேன். பல பொருள் ஒரு சொல்லைக் கிளவியாக்கம் இரண்டாகப் பிரிக்கிறது. வினையால் வேறுபட்டு விளங்குவது ஒன்று. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. இங்கே குழப்பம் இல்லை. வினையாலும் வேறுபடாதது மற்றொன்று. மா வீழ்ந்தது என்றால் வீழ்ந்தது மரமா, விலங்கா? அத்தகைய இடத்தில் இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. தான் ஒன்றைக் குறித்துப் பேசுபவன் அதைத் தெரியும்படி சொல்லவேண்டும் என்று மற்றொரு சூத்திரமும் உண்டு. இந்த விதிகளைப் பல வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். அவை யார்மீது பொறுப்பை வைக்கின்றன என்று அதுவரை நான் யோசித்ததில்லை. பொறுப்பு கேட்பவன்மீது இல்லை, சொல்பவன்மீது. "மா வீழ்ந்தது" என்று சொல்லிவிட்டு, மரம் என்று விளங்கிக்கொண்டவனைப் பார்த்து, நான் நினைத்தது குதிரை, நீ பிழை என்று சொல்ல இலக்கணம் இடந்தரவில்லை.

நன்னூலார் வினாவை ஆறு வகையாக்கி அறிவினாவை முதலில் வைக்கிறார். விடை தெரிந்தவன் கேட்கும் வினா அது. ஆசிரியன் மாணவனிடம் கேட்பதும், வானொலி நேயரிடம் கேட்பதும் அறிவினாவே. அதில் ஓர் ஆபத்து உண்டு. எனக்கு விடை தெரியும் என்ற நினைப்பே, வேறு விடை இருக்கக்கூடும் என்பதை மறைத்துவிடுகிறது.

சிலேடையைப் பாருங்கள். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டைப் பொருத்துவார். இரண்டு பொருளையும் கண்டவனே சுவைஞன். பாம்பென்று சொன்னவன் சரி, எள்ளென்று சொன்னவன் பிழை என்று யாரும் சொல்வதில்லை. இருபொருளைக் கொண்டாடிய மொழி இது. நிகண்டு நூலார் ஒரு சொல் பல்பொருளுக்கென்றே ஒரு தொகுதி ஒதுக்கினார்கள். சூடாமணி நிகண்டில் அது பதினோராம் தொகுதி. அன்றைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனனஞ் செய்தார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்திராது.

இந்தப் பிணக்கு நமக்கு மட்டும் உரியதன்று. 1930களில் குறுக்கெழுத்துப் போட்டிகள் உலகெங்கும் பரவின. தமிழகத்தில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனும் அவற்றை நடத்தியது. பணம் கட்டி விடை அனுப்பும் போட்டிகளில், ஒரே குறிப்புக்கு இரண்டு சொற்கள் பொருந்தும். அமைப்பாளர் உறையிலிட்டு மூடிய சொல்லே வெல்லும். இத்தகைய போட்டி ஒன்று 1936இல் இங்கிலாந்தில் வழக்கானது. மறைந்திருக்கும் இலக்கை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு எய்வதற்கு ஒப்பானது இது என்று நீதிமன்றம் கருதியது. இந்தியாவிலும் 1957இல் இவ்வாறான வழக்குகளை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. வெற்றி திறமையைப் பெரிதும் சார்ந்திருந்தால் அது போட்டி. சாராவிட்டால் சூதாட்டம் என்று அது வேறு பிரித்துக் காட்டியது. எங்கள் சிறுமி தபாலட்டைக்கு மேல் பணம் கட்டவில்லை. ஆகவே அது சூது அன்று. ஆனால் அவளுடைய திறமை வென்றதா, புதிர் எழுதியவரின் மனத்தில் இருந்ததை ஊகித்தவரின் அதிர்ஷ்டம் வென்றதா என்ற கேள்வி அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். அமெரிக்கத் தேசியப் பொது வானொலியில் 1987இல் தொடங்கிய ஞாயிறு புதிர் நிகழ்ச்சி உலகப் புகழ் பெற்றது. அதை நடத்தும் வில் ஷார்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் புதிரியலையே பட்டப்படிப்பாகப் படித்தவர். புதிர் ஆக்குவதும் படித்துப் பழகவேண்டிய கலை என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு, வானொலிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னபோது அந்தச் சிறுமி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்களும் ஒருக்கா பிழை போட்டீங்கதானே சேர்."

முந்திய தவணைப் பரீட்சை. மலை என்பதற்கு ஒத்தகருத்துச் சொல் கேட்டிருந்தேன். வெற்பு, பொருப்பு, குன்று என்பன என் புள்ளித் திட்டத்தில் இருந்தவை. அவள் எழுதியது, வேலை. சிவப்பு மையால் வெட்டியிருந்தேன். ஏன் அப்படி எழுதினாய் என்று அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்டேன். "அம்மா மலைக்குப் போயிட்டாங்கன்னா வேலைக்குப் போயிட்டாங்கன்னுதானே சேர்?"

தோட்டத்தில் தேயிலை நட்ட இடத்துக்கு மலை என்றே பெயர். ஒவ்வொரு மலைக்கும் ஓர் இலக்கம் உண்டு. விடிந்தால் மலைக்குப் போவார்கள். நிறை குறைந்தால் சம்பளம் குறையும். அவளுடைய வீட்டில் மலை என்ற சொல் காலையில் எழுந்து போகும் வேலையைத்தான் குறித்தது. இடத்தின் பெயர் அங்கு நடக்கும் தொழிலுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்று நான்தான் படிப்பித்திருந்தேன். அவள் அதைப் புத்தகத்தில் தேடவில்லை, வீட்டிலேயே கண்டாள். ஒத்தகருத்துச் சொல் என்ற கண்டிப்பான அளவில் அது முழு விடை ஆகாது என்பதே இன்றும் என் கருத்து. ஆனால் வெட்டிவிடும் விடையும் அன்று. ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டிய விடை. நான் கேட்கவில்லை. வானொலி செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வேறுபாடு?

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். அதில் குற்றச்சாட்டு இல்லை. ஆறு ஊர்களையும், நடுவெழுத்துப் போனபின் மிஞ்சும் ஆறு சொற்களையும் வரிசையாக எழுதி, இவை அனைத்தும் உங்கள் குறிப்புக்குப் பொருந்துகின்றன என்று மட்டும் தெரிவித்தேன். கண்டியின் நாயக்க மன்னர் மரபு மதுரையோடு மணவுறவு கொண்டது. 1739 முதல் அந்த மரபினரே கண்டிச் சிங்காசனத்தில் இருந்தார்கள். ஆகவே மதுரையும் கண்டியும் சண்டையிடத் தேவையில்லை, இரண்டும் சம்பந்திகள் என்றும் ஒரு வரி சேர்த்தேன். சில வாரங்களின் பின் அறிவிப்பாளர் கடிதத்தைச் சுருக்கி வாசித்தார். பரிசு எதுவும் மாறவில்லை. ஆனால் அதன்பின், பொருந்தும் வேறு விடைகளும் ஏற்கப்படும் என்று ஒரு வாக்கியம் சேர்ந்துகொண்டது.

நானும் என் புள்ளித் திட்டத்தின் அடியில் அதே வாக்கியத்தை எழுதி வைத்திருக்கிறேன். பழைய விடைத்தாளில் அந்தச் சிவப்புக் கோட்டின் அருகே அரைப் புள்ளி போட்டேன். முழுப் புள்ளி ஏன் இல்லை என்று அவள் கேட்டாள். விளக்கினேன். ஏற்றுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு ஒருநாள் அவளே புதிரைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். மூன்று எழுத்துள்ள ஓர் ஊர். மன்னர் ஆண்ட தலைநகர். நடுவெழுத்தை நீக்கினால் காவல். கடைசிச் சொல் ஒன்றைத்தான் மாற்றியிருந்தாள். மதுரை, தஞ்சை, காஞ்சி எல்லாம் விலகிக்கொள்ள, கண்டி மட்டும் நின்றது. தெரியும்படி சொல்லவேண்டும் என்ற பழைய சூத்திரத்துக்கு இதைவிட நல்ல உரையை நான் எழுதியதில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் பிழையான விடை சொல்லுவார்கள். வெட்டுவதற்கு முன் ஒருமுறை ஏன் என்று கேளுங்கள். பல வேளைகளில் அது பிழையாகவே இருக்கும். சில வேளைகளில் நாம் கேட்ட கேள்விதான் பிழையாக இருக்கும்.