சோறு பதம் பார்க்கும் கணிதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குவாண்டம் என்னும் சொல் இன்று விளம்பரப் பலகைகளிலும் ஏறிவிட்டது. இரசாயனம் படித்தோர் சக்திச்சொட்டு எண்கள் என்று கற்றது இதனோடு உறவுடையதே. அணுவுலகின் விதிகளைக் கொண்டு கணக்குச் செய்யும் கணனியை அமைக்கப் பல நாட்டாரும் முயன்று வருகின்றனர். நாம் இன்று பேசப்போவது அக்கணனியைப் பற்றியன்று. அதனிடம் யுக்தியைக் கற்று, எமது மேசையிலுள்ள சாதாரண கணனியிலேயே கணக்குச் செய்யும் முறையைப் பற்றி.

2016ஆம் ஆண்டில் கெரெனிடிஸ், பிரகாஷ் என்னும் இருவர் ஒரு குவாண்டம் முறையை வெளியிட்டனர். இலட்சக்கணக்கானோர் எந்தெந்தத் திரைப்படங்களை விரும்பினர் என்னும் பெரும் பட்டியலிலிருந்து, ஒருவர் அடுத்து எதனை விரும்புவார் என்று கூறுவது அதன் வேலை. அன்று தெரிந்திருந்த சாதாரண முறைகள் எவையும் அதன் வேகத்துக்கு அருகிலும் வரவில்லை. அமெரிக்காவில் ஒஸ்ரின் நகரிலுள்ள ரெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்கொற் ஆரன்சன், சாதாரண கணனியால் இது இயலாது என்பதை நிறுவும் வேலையை எவின் ராங் என்னும் மாணவரிடம் ஒப்படைத்தார். இயலாது என்று நிறுவச் சென்றவர், இயலும் என்று கண்டு திரும்பினார்! 2018இல் அம்முடிவு வெளிவந்தபோது அவருக்கு வயது 18. வெளியிடுமுன் பேர்க்கிலியில் துறையறிஞர் முன்னிலையில் தமது நிறுவலை விளக்கி, மணிக்கணக்காகக் கேள்விகளுக்கு விடை கூறினார். குவாண்டம் முறையை ஆக்கிய இருவரும் அச்சபையில் இருந்தனர்.

அந்த யுக்தி யாது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பட்டியல் முழுவதையும் படியாது, சில இடங்களை மாத்திரம் எடுத்துப் பார்ப்பதே அது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அகப்பையை விடுவதன்று. குவாண்டம் நிலையொன்றை அளக்கும்போது, ஒரு விடை தோன்றும் வாய்ப்பு அதன் வீச்சத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமையும். ராங் அவ்விதியைப் பட்டியலுக்குப் பொருத்தினார். 3 என்னும் எண், 1 என்னும் எண்ணிலும் ஒன்பது மடங்கு வாய்ப்புடன் எடுக்கப்படும். இதற்கு எண்களை மரக்கிளை போல முன்னரே அடுக்கி வைத்தல் வேண்டும். எத்தனை கோடிப் பேராயினும் மக்களின் இரசனை சில வகைகளுள் அடங்கும் என்னும் எடுகோளும் வேண்டும்.

காகிதத்தில் நிறுவியது வேறு, செய்நிரலாக ஓடுவது வேறு. அராசோலா முதலிய நால்வர் இம்முறைகளை எழுதி ஓட்டிப் பார்த்தனர். பட்டியல் மிகப் பெரிதாயும், அதனுள் அடங்கும் வகைகள் மிகச் சிலவாயும், இன்னும் சில நிபந்தனைகளுடனும் இருந்தாலே இவை நன்கு பயன்படும் என்றும், நடைமுறைப் பட்டியல்கள் பலவும் அவ்வாறு அமைவதில்லை என்றும் 2020இல் எழுதினர். ஒளியாது எழுதிய அக்கட்டுரையை நாம் ராங்கின் கட்டுரைக்கு இரண்டாவதாக வைக்கமாட்டோம்.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுமாற்றாக எடுப்பதால் விடை ஓட்டத்துக்கு ஓட்டம் சிறிது மாறும். அம்மாற்றம் முறையின் இயல்போ, எமது பிழையோ என்பது பார்த்தவுடன் தெரியாது. ஆதலால் எழுமாற்று எண்களின் தொடக்க எண்ணைக் குறித்து வைத்தல் வேண்டும். அதனையே மீண்டும் கொடுத்தால் அதே விடை வருதல் வேண்டும். கையால் விடை கண்ட சிறு பட்டியலை முதலிற் கொடுத்துச் சோதித்தல் வேண்டும். செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் பதிதல் வேண்டும்; 2005இல் லினஸ் ரோவால்ட்ஸ் ஆக்கிய கிற் என்னும் கருவி இதற்கு இலவசமாகவே கிடைக்கிறது.

இவை வீண் சடங்கென்று எண்ணுவோர், கலிபோர்ணியாவில் ஆராய்ந்த ஜெப்றி சாங்கின் கதையை அறிதல் நன்று. உயிர்க்கலச் சவ்விலுள்ள புரதங்களின் அமைப்பை அவர் குழு கணித்து வந்தது. அவர்கள் பயன்படுத்திய செய்நிரலொன்று இரண்டு வரிசை எண்களை இடம் மாற்றிவிட்டது. குறி மாறியது, கண்ணாடியில் தோன்றும் உருவம்போல இடம் வலமாயிற்று. 2006இல் சுவிற்சலாந்து ஆய்வாளர் வெளியிட்ட அமைப்பு இதனோடு ஒவ்வாமற் போகவே பிழை வெளிப்பட்டது. ஐந்து கட்டுரைகளை அவர் மீளப் பெற்றார். அவற்றுள் ஒன்று 2001இலேயே வெளிவந்தது. அதனை நம்பி இடையில் உழைத்த இளம் ஆய்வாளரின் காலத்தை யார் மீளக் கொடுப்பது?

நாமும் தப்பியவரல்லோம். மழைவீழ்ச்சிக் கணக்கொன்றில், அளக்காத நாட்களை மழை பெய்யாத நாட்களாகச் சேர்த்துவிட்டோம். முதிய கமக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்து, "தம்பி, அந்தக் கார்த்திகையிலை வெள்ளம் எல்லோ வந்தது?" என்று கேட்டபின்னரே விளங்கிற்று.

நாலு வரிசைச் சிறு பட்டியலொன்றுக்குக் கையால் விடை கண்டு கொண்டுவந்திருக்கிறோம். செய்நிரல் எழுதும் தம்பி தங்கையர் கூட்டம் முடிந்ததும் வாங்கிச் செல்லலாம். உங்கள் விடை அதனோடு ஒவ்வாவிடின் எமக்குச் சொல்லுங்கள். பிழை எமது கையிலும் இருக்கலாம்.