மலை இறங்கி வந்த சூடு ஜாக்கெட்



கேதார்நாத் கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். உத்திரமேரூர் வெயிலில் பழகிய உடம்புக்கு அந்தக் குளிர் தாங்காது. அதனால் பேட்டரியில் சூடாகும் ஜாக்கெட் போட்டு மலையேறுகிறவர்கள் உண்டு.

ஊர் திரும்பியதும் அதைத் துவைக்கிற கல்லில் அடித்துவிடாதீர்கள். முதுகுப் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்; மெல்லிய கம்பி தட்டுப்படும். சூடு தருவது அதுதான். முறுக்கிப் பிழிந்தால் அறுந்துபோகும்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஒயர் முனையை மூடி, பாக்கெட்டுக்குள் வைத்து ஜிப் போடுங்கள். உள்ளே தைத்திருக்கும் குறிப்பைப் படியுங்கள். கையால் துவைக்கலாம் என்றிருந்தால், பச்சைத்தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, மெல்ல அமுக்கி அலசுங்கள். வேப்பமர நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போடக் கூடாது. ஈரம் முழுக்கப் போகும்வரை பேட்டரியை மாட்டவே கூடாது.

அடுத்த யாத்திரைவரை லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குப்பையிலும் எறியாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மின்கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.

குளிரில் நம்மைக் காத்த துணி அது. ஊர் வந்தபின் அதை நாம் காப்போம்.