கைக்குப் பதில் குரல்



நம் தெருவில் ஒரு தம்பி. விபத்துக்குப் பிறகு இரண்டு கைகளும் அசையாது. கம்ப்யூட்டரிடம் பேசியே ஒரு துணிக்கடைக்குக் கணக்கு எழுதி வந்தார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது என்றதும், நாங்களே ஆர்வமாகப் போய் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தோம். மறுநாள், அவர் வருடக்கணக்கில் பழகிய குரல் மென்பொருள் ஓடவில்லை. நமக்கு அது சின்னத் தொந்தரவு. அவருக்கோ இரண்டாம் முறை கை போன மாதிரி. கேட்காமல் மாற்றியது எங்கள் தவறுதான்.

பிறகுதான் விசாரித்தோம். விண்டோஸ் 11-இலேயே 'வாய்ஸ் ஆக்சஸ்' இருக்கிறது, தனிக்காசு வேண்டாம். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் ஸ்பீச். முதல்முறை இறக்கிக்கொள்ள மட்டும் இணையம் தேவை. 'ஷோ நம்பர்ஸ்' என்றால் திரையில் அழுத்தும் இடங்களில் எல்லாம் எண்கள் தோன்றும். 'கிளிக் 7' என்றால் ஏழாவது அழுந்தும். கட்டளைகள் தமிழில் இல்லை. ஆனால் மொழியில் இந்திய ஆங்கிலம் உண்டு. அதை வைத்த பிறகுதான் தம்பியின் உச்சரிப்பு அதற்குப் பிடிபட்டது.

முக்கியமான ஒன்று: பாஸ்வேர்டு போடுவதற்கு முன்பே அது தானாகத் தொடங்கும்படி அங்கேயே டிக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் அதைத் தொடங்கிவைக்கவே ஒருவர் வேண்டும். வீட்டுப் பேச்சையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். விருந்தாளி வந்தால் 'வாய்ஸ் ஆக்சஸ் ஸ்லீப்' என்று சொல்லிவிடலாம்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், மாற்றுவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் அவரே பேசிப் பார்க்கட்டும். பழையதை அதுவரை அப்படியே வைத்திருப்போம்.