மாடியில் சோலார், படிக்கட்டுக்கு அடியில் பழைய ஃபியூஸ்

ஐதராபாத்தில் மொட்டைமாடிக்கு சோலார் பேனல் ஏற்றுவது இப்போது எளிது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு கூடத் தேவையில்லை. ஆனால் படிக்கட்டுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் மெயின் போர்டை யார் திறந்து பார்க்கிறார்கள்? பேனலுக்கும், வீட்டோடு பட்டறை இருந்தால் அதன் மோட்டாருக்கும் முன்னால் மாற்ற வேண்டியது அந்தப் போர்டைத்தான்.

பழைய வீடுகளில் இன்னமும் பீங்கான் ஃபியூஸ் உண்டு. அதைப் பிடுங்கிப் பார்த்தால், ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒயரிலிருந்து உரித்த செப்பு இழைகள் இரண்டு மூன்றாக முறுக்கிக் கிடக்கும். எரிய வேண்டிய நேரத்தில் அது எரியாது. எரிவது சுவருக்குள் போகும் ஒயர்தான். சரி, மின்னோட்டம் கூடினால் தானே விழும் எம்சிபி போட்ட வீடென்றால் கவலையில்லையா? 5 கிலோவாட் சோலார் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 22 ஆம்பியர் தரும். மெயினில் 32 ஆம்பியர் எம்சிபி. சோலார் லைனைக் கொண்டுபோய் வீட்டு லைன்கள் பிரியும் அதே டிபி பாக்ஸில் சொருகிவிட்டால், உள்ளிருக்கும் செப்புப் பட்டையில் 54 ஆம்பியர் வரை ஓட வழியுண்டு. மெயின் எம்சிபிக்குத் தெரிவது 32, சோலார் எம்சிபிக்குத் தெரிவது 22. இரண்டும் டிரிப் ஆகாது. பட்டை மட்டும் சூடேறும். எனவே சோலாருக்குத் தனி ஏசி பாக்ஸ் வைத்து மீட்டரை ஒட்டி இணைக்க வேண்டும், அல்லது இரண்டின் கூட்டுத்தொகையையும் தாங்கும் பட்டை வேண்டும்.

ஐதராபாத்தின் பாலாநகர், ஜீடிமெட்லா பக்கம் வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. 2 குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எம்சிபி விழுகிறதென்று அதைவிடப் பெரியதை மாட்டுவது நம்மூர் வைத்தியம். ஒயர் அதே பழைய ஒயர்தானே! மோட்டாருக்கு சி வகை எம்சிபியும், அதற்கேற்ற கனத்தில் தனி ஒயரும் போடுவதே முறை. எர்த்தும் அப்படித்தான். இந்த ஊர் கருங்கல் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. நாலடி தோண்டி உப்பும் கரியும் கொட்டினால் போதுமென்று நம்பக்கூடாது, மின்தடையை அளந்து பார்க்க வேண்டும்.

தெலங்கானாவில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாதம் 200 யூனிட் வரை இலவசம் இருக்கும்போது இந்தச் செலவெல்லாம் எதற்கு என்பார்கள். அந்த அளவுக்குள் அடங்கும் குடும்பத்துக்கு சோலார் அவசரமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறுக்கிய செப்பு இழை இலவச மின்சாரத்திலும் அதே ஆபத்துதான். மின்வெட்டில் சோலார் கைகொடுக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர், லைனில் வேலை பார்ப்பவர் உயிரைக் காக்க, கரண்ட் போனதும் தானே நின்றுவிடும்.

சோலார் நிறுவனத்தைக் கூப்பிடுவதற்கு முன்பே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துப் போர்டைத் திறக்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேளுங்கள். எர்த் அளவை எழுதி வாங்குங்கள். மானியம் கிலோவாட் கணக்கில் மட்டுமே வருகிறது. போர்டு மாற்றும் செலவு உங்களுடையது.