ஊன்பசைப் படலத்தின் தடிப்பு

1871ஆம் ஆண்டில் றிச்சட் லீச் மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஒளிப்படத் தட்டுகளுக்கு அந்நாளில் வழங்கிய கொலோடியனின் ஈதர் ஆவி தம் உடல்நலத்தைக் கெடுப்பதை உணர்ந்து, அதற்கு ஈடாக ஊன்பசையை, அதாவது ஜெலற்றினைக் கையாண்டார். ஹொலோகிராம் எனப்படும் முப்பரிமாணப் படிமத்தைத் தம் இல்லத்திலேயே ஆக்க முயல்வோர் இன்றும் அப்பசையையே நாடுகின்றனர். பெருங் கம்பெனிகள் சில இதற்கான தட்டுகளை ஆக்குவதை நிறுத்திவிட்டமையால், தட்டையும் தாமே வார்த்துக்கொள்ளும் நிலை பலருக்கு வந்தது. அவர்களைப் பெரிதும் திணறச் செய்வது இரசாயனம் அன்று, படலத்தின் தடிப்பே.

சாதாரண ஒளிப்படத்தில் உருவம் படலத்தின் பரப்பிலே விரிந்து கிடக்கும். லெனின்கிராட்டைச் சேர்ந்த யூரி டெனிசியுக் 1962இல் வெளியிட்ட முறையிலோ, அது படலத்தின் ஆழத்திலே, புத்தகத்தின் தாள்களைப் போல் அடுக்கடுக்காகப் பதிகின்றது. 532 நானோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை லேசர் ஒளியைக் கொண்டால், ஊன்பசைக்குள் அடுக்குகளின் இடைவெளி ஏறத்தாழ 173 நானோமீற்றராகும். ஆகவே 7 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள படலத்தில் நாற்பது அடுக்குகள் அமையும். 2 மைக்கிரோமீற்றரில் பதினொன்றோ பன்னிரண்டோதான். அடுக்குகள் குறைந்தால் படிமம் மங்கும், நிறமும் தெளிவிழக்கும். அதற்காகத் தடிப்பை மிகுவித்தல் தகுமோ எனின், அதுவும் ஆகாது. ஒளியின் பெரும்பங்கை மேற்பகுதியே விழுங்கிவிடும். கழுவும் நீரும் மதுசாரமும் சீராக உட்செல்லா.

சராசரித் தடிப்பை வரையறுத்தல் எளிது. பக்கம் 10 சென்ரிமீற்றர் உள்ள சதுரக் கண்ணாடிக்கு 0.1 கிராம் உலர்ந்த பசை போதும். அதுவே 7 மைக்கிரோமீற்றர் அளவில் படியும். நூற்றுக்கு ஐந்து வீதக் கரைசலில் 2 கன சென்ரிமீற்றரை ஊசிக்குழலால் அளந்து ஊற்றினால் கணக்குச் சரி.

இடத்துக்கு இடம் தடிப்பு மாறாதிருக்கச் செய்வதே அரிது. ஊற்றிய ஈரப்படலத்தின் ஆழம் 0.2 மில்லிமீற்றரே. கண்ணாடியின் ஓர் ஓரத்தின் கீழ் எழுதும் தாள் ஒன்று அகப்பட்டதென்று கொள்வோம். தாளின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். அவ்வளவில், தாழ்ந்த ஓரத்தில் படலம் 0.25 மில்லிமீற்றரும் உயர்ந்த ஓரத்தில் 0.15 மில்லிமீற்றருமாகும்! உலர்ந்த பின் ஒருபுறம் 9, மறுபுறம் 5.5 மைக்கிரோமீற்றர். ஆதலால் தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றை மூன்று திருகாணிகளின் மேல் நிறுத்தி, நீர்மட்டத்தை இரு திசைகளிலும் வைத்து, முனை மாற்றியும் பார்த்தல் வேண்டும். இதில் செலவிடும் அரைமணி நேரம் வீணன்று.

தட்டில் எண்ணெய்ப் பசை இருத்தலாகாது. இருப்பின் கரைசல் அவ்விடத்தை விட்டு ஒதுங்கும். தட்டும் கரைசலும் 40 பாகை செல்சியஸ் அளவில் இளஞ்சூடாக இருக்கவேண்டும். குளிர்ந்த தட்டில் பசை பரவுமுன் உறைந்துவிடும். கொதிக்கவைத்த பசையோ உறையும் வலிமையை இழக்கும். உறைந்தபின் மின்விசிறியை ஒருபுறத்தே வைத்து அவசரப்படுத்தாமல் மெல்ல உலரவிடுதல் நன்று.

கம்பி சுற்றிய கோலால் இழுத்துப் பரப்பும் முறையும் உண்டு. நெருங்கச் சுற்றிய கம்பியின் விட்டத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே ஈரப்படலமாக எஞ்சும். 1 மில்லிமீற்றர் கம்பியும் நூற்றுக்குப் பத்து வீதக் கரைசலும் முன்சொன்ன தடிப்பையே தரும். செறிந்த கரைசல் விரைந்து உறைவதால், மட்டத்தின் குறையும் அவ்வளவு தோன்றாது.

தடிப்பைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதற்கு? வார்ப்பதற்கு முன்னும் உலர்ந்த பின்னும் தட்டை நிறுத்தால் போதும். ஒரு தட்டின் பசை 0.1 கிராமே ஆதலால், 0.01 கிராம் வரை காட்டும் தராசில் பத்திலொரு பங்கு பிழை நேரலாம். பத்துத் தட்டுகளைச் சேர்த்து நிறுத்தால் அப்பிழை வெகுவாகக் குறையும். ஊன்பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே, படலத்தை அமோனியம் இருகுரோமேற்றுக் கரைசலில் தோய்த்து ஒளியுணர்வூட்டுதல் நலம். வெறும் பசையில் பிழை நேர்ந்தால் வெந்நீரில் கழுவி மீண்டும் வார்க்கலாம். இருகுரோமேற்றோ புற்றுநோயை விளைவிக்கவல்ல நஞ்சு. கையுறையின்றி அதனைத் தொடலாகாது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கலாகாது. எஞ்சியதை வடிகாலில் ஊற்றவும் கூடாது.