கணிப்பொறியில் விண்ணப்பமும் விடையும்

 

கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நம் பிள்ளைகள் அதனைக் கையாளக் கற்றுவிட்டனர். அதன் உள்ளே நடப்பதையும் அவர்கள் கற்க வேண்டும் என்பது நம் விருப்பம். ஆகவே ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறோம். ஒரு நிரல் தனக்கு வேண்டியதை எவ்வாறு கேட்டுப் பெறுகிறது?

அஞ்சலகத்தை நினைத்துப் பாருங்கள். நம் சேமிப்பே ஆயினும் பெட்டியைத் திறந்து நாமே எடுத்துக்கொள்ள முடியாது. படிவத்தை நிரப்பிச் சாளரத்தில் நீட்டுகிறோம். எழுத்தர் சரிபார்த்துப் பணம் தருகிறார்; குறை இருப்பின் படிவத்தைத் திருப்புகிறார். கணிப்பொறியிலும் அவ்வாறே. வட்டு, திரை, நினைவகம் ஆகியவற்றை ஆளும் உள்நிரலுக்குக் கெர்னல் என்று பெயர்; தமிழில் கருனி என்பர். மற்ற நிரல்களெல்லாம் வெளியே நின்று கேட்பவை. ஒவ்வொரு நிரலும் தானே வட்டில் எழுதப் புகுந்தால், ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துவிடும்.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே 'பாஸ்' என்னும் இயங்குதளம் மாணவர் பலர் கைக்கு வந்தது. சி-டாக் நிறுவனம் அதனை 2007இல் வெளியிட்டது. அதன் நடுவில் இருப்பது லினக்ஸ் கெர்னல். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் 1991இல் எழுதத் தொடங்கியது அது.

அதில் நம் மாணவி ஒருத்தி 'வணக்கம்' என்று திரையில் காட்டும் சிறு நிரலை எழுதுகிறாள் என்று கொள்வோம். நிரல் ஒரு விண்ணப்பத்தை நிரப்புகிறது. எழுதுக என்னும் சேவையின் எண் 1. காட்ட வேண்டிய இடம் திரை. எழுத்துகள் இருக்கும் நினைவக முகவரி இன்னது. அளவு 21 பைட்டு. 'வணக்கம்' என்ற சொல்லில் கணிப்பொறி எண்ணும் குறிகள் 7; குறி ஒன்றுக்கு 3 பைட்டு. இவற்றைச் செயலகத்தின் பதிவகங்களில் வைத்து, 'சிஸ்கால்' என்ற ஒற்றைக் கட்டளையை இடுகிறது. உடனே செயலகம் பயனர் நிலையிலிருந்து கெர்னல் நிலைக்கு மாறுகிறது. கெர்னல் தன் அட்டவணையில் அந்த எண்ணைத் தேடி, முகவரி செல்லுமா, உரிமை உண்டா எனச் சோதித்துப் பணியை முடித்து, 21 என்று விடையளிக்கிறது. மறுத்தாலும் காரணத்தை எண்ணாகச் சொல்லும். கேட்ட கோப்பு இல்லையேல் 2. அனுமதி இல்லையேல் 13. இத்தகைய சேவைகள் முந்நூற்றுக்கு மேல் உள்ளன.

கேட்டு நிற்பது என்றால் நம் முன்னோர்க்குக் கசப்பான நினைவு. கிணற்றைத் தொடக்கூடாது, பிறர் இரங்கி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தனர். பொது நீர்நிலைகள் அனைவர்க்கும் உரியவை எனப் பம்பாய்ச் சட்டசபை 1923இல் தீர்மானித்தது. ஆயினும் 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாதில் மக்களைத் திரட்டிச் சென்று, சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருக வேண்டியிருந்தது. விதி ஏட்டில் இருந்தது, வாயில் திறக்கவில்லை.

கெர்னலின் வாயிலில் பெரிய நிறுவனத்தின் நிரலும் நம் மாணவியின் நிரலும் ஒரே படிவத்தைத்தான் நீட்ட வேண்டும். எழுதிய விதியே அங்கு நடக்கும் விதி. எல்லோரும் ஒரே முறையில் கேட்கும் இடத்தில் கேட்பது இழிவன்று.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அந்த விதிகளையும் மனிதர்தாம் எழுதுகின்றனர். யாருக்கு எக்கோப்பு என்று அனுமதி வழங்குபவரும் மனிதரே. லினக்ஸின் மூலநிரலோ எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து கிடக்கிறது. அதனைப் படிப்போர் நடுவிலும், எழுதுவோர் நடுவிலும் நம் பிள்ளைகள் அமர வேண்டும்.

இளைஞர்களே! 'ஸ்ட்ரேஸ்' என்றொரு கருவி உண்டு. ஒரு நிரல் செய்யும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும், அதற்கு வந்த விடையையும் அது வரிவரியாகக் காட்டும். இன்றே இயக்கிப் பாருங்கள். அலுவலகத்தில் உங்கள் மனு திரும்பினாலும் அவ்வண்ணமே காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நமக்குக் கல்வி வாயிலைத் திறந்துவைத்த இச்சங்கம் நீடு வாழ்க என வாழ்த்தி அமைகிறோம்.